தொடக்கத்துக்கு முன்னால்

"உஸ்தாத், தொடக்கத்துக்கு முன்னால என்ன இருக்கும்?"

வேதரத்தினம் இப்படிக் கேட்டுக்கொண்டு வந்து நின்றபோது மணி பதினொன்று.

ஜெய்புன்னிசா நாகூர்ப் பக்கத்து வடையான இறால் வாடா தின்றுகொண்டிருந்தாள். வாடாவின் நடுமண்டையில் ஒட்டியிருந்த இறாலை மட்டும் பிய்த்துத் தாளின் ஓரத்தில் வைத்திருந்தாள், கடைசியில் தின்பதற்காக.

"யாரு கேக்குறா?"

"மெஷின். 'தொடக்கத்துக்கு முன்னால எதுவும் இருக்கக் கூடாது'ன்னு திருப்பித் திருப்பி அனுப்புது. காலையிலேருந்து ஒன்பது தடவை."

"இருக்கா?"

"எப்படி இருக்கும் உஸ்தாத்? இருந்தா அதுதானே தொடக்கம்?"

ஜெய்புன்னிசா வாடாவின் மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டாள். 

இங்கே கொஞ்சம் நிறுத்தி இருவரையும் அறிமுகம் செய்துவிட வேண்டும். குருவுக்குத் தாடியும் சிஷ்யனுக்கு அரும்பு மீசையும் எதிர்பார்த்து வந்தவர்கள் ஏமாந்துவிடுவார்கள். தாடி சிஷ்யருக்குத்தான் இருந்தது, அதுவும் பாதி நரைத்து. அவருக்கு வயது நாற்பத்து நான்கு. அவளுக்கு இருபத்தெட்டு. ஆசிரமம், நாகப்பட்டினத்தில் ஓர் ஐஸ் ஃபாக்டரியின் மாடி. கீழே ஐஸ் பாளம் உடைக்கிற இயந்திரம் ஓடும்போதெல்லாம் மேலே ஞானமும் சேர்ந்து ஆடும்.

உஸ்தாத் என்பது மதரஸாவில் ஓதிக் கொடுப்பவரை அழைக்கும் பெயர். புரோகிராம் எழுதுகிற நாகூர்ப் பெண்ணுக்கு அதை ஆபீஸில் கேலியாகத்தான் வைத்தார்கள். அவள் சொல்லிக் கொடுத்ததெல்லாம் ஒழுங்காக ஓடவே, கேலி தேய்ந்து பெயர் மட்டும் நின்றுவிட்டது.

வேதரத்தினம் இருபது வருஷம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து மனு டைப் அடித்தவர். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, காணாமல் போன ரேஷன் கார்டு. அடித்து முடித்ததும் மனுக்காரரின் குரலிலேயே ஒரு தடவை படித்துக் காட்டுவார். பிறகு தாசில்தாரின் குரலில், "அடுத்த வாரம் வாங்க" என்று அதற்குப் பதிலும் சொல்வார். பதிலைக் கேட்டுச் சிரித்துவிட்டே பாதிப் பேர் உள்ளே போவார்கள். உள்ளேயும் அதே பதில்தான் கிடைக்கும். ஆனாலும் பழகிப்போயிருக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வந்து, எனக்கும் புரோகிராம் சொல்லிக் கொடு தாயி என்று நின்றார். உங்களுக்கு மெயிலைப் பற்றி என்ன தெரியும் என்று ஜெய்புன்னிசா கேட்டாள். மனுவேதான் மெயில் என்றார். அனுப்புநர், பெறுநர், பொருள், ஒரு வரி இடம் விட்டு விஷயம்.

அன்றைக்கே சேர்த்துக்கொண்டாள். அதைவிடச் சரியாக அவளிடம் யாரும் சொன்னதில்லை.

இனி விஷயம்.

கடலோரம் பதினோரு குப்பங்கள். ஒவ்வொன்றிலும் மணல் மேட்டில் ஒரு கம்பம், கம்பத்தில் ஒலிபெருக்கி. புயலோ சூறைக்காற்றோ வருவதாக இருந்தால் இந்த மாடியிலிருந்து ஒரே ஒரு மெயில் போகும். அது சென்னையில் ஒரு மெஷினைத் தொட்டுவிட்டு, பதினோரு கம்பத்திலும் போய்ப் பேசும்.

ஒரு மெயிலுக்குள் பல சமாச்சாரங்களை அடுக்கி அனுப்புகிற முறைக்கு மைம் என்று பெயர். அடுக்கு கேரியர் மாதிரி. முதல் அடுக்கில் மெஷின் படிக்க எக்ஸ்எம்எல்: எந்தக் குப்பம், எத்தனை மணி, காற்று என்ன வேகம், எல்லாம் மெஷினுக்குப் புரிகிற அடையாளங்களோடு. இரண்டாவது அடுக்கில் மனிதர்கள் கேட்கக் குரல். குரல் வேதரத்தினத்துடையது. ஒவ்வோர் அடுக்குக்கும் தலைமாட்டில் ஓர் எல்லைக்கோடு போட வேண்டும், மெஷின் அதைப் பார்த்துத்தான் பிரிக்கும். கோட்டுக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம் என்று உஸ்தாத் சொன்னதும், அவர் யோசிக்காமல் 'அலை' என்று வைத்தார்.

முதல் அடுக்கில் மெஷினுக்கு ஏதாவது பிடிக்காவிட்டால் கேரியரையே திருப்பி அனுப்பிவிடும். குரல் வெளியே வராது.

சோதனைக்கு அன்றுதான் கடைசி நாள். சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஒரு மெயிலாவது உள்ளே போக வேண்டும். போகாவிட்டால் இந்த மழைக்காலத்துக்குப் பதினோரு கம்பமும் வெறும் கம்பம், காக்கா உட்காரலாம்.

ஐப்பசி பிறந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

பதினொன்றில் ஒன்று வேதரத்தினம் பிறந்த குப்பம். அங்கே அவருடைய தம்பி கலியன் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறான். போன ஐப்பசியில் எச்சரிக்கை வந்தது, வரவில்லை என்று சொல்ல முடியாது. ஏதோ ஓர் ஆபீஸ் மேஜையில் தாளாக வந்து, மேலே பேப்பர்வெயிட்டோடு பத்திரமாக இருந்தது. கலியன் ஒன்றரை நாள் ஐஸ்பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதந்தான். கரைக்குத் தூக்கி வந்தபோது முதலில் டீ கேட்டான். குடித்துவிட்டு அண்ணனைப் பார்த்து இரண்டாவதாக ஒன்று கேட்டான்.

"ஏண்ணே யாரும் சொல்லல?"

அந்தக் கேள்விக்குத்தான் வேதரத்தினம் இப்போது புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார்.

ஜெய்புன்னிசா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"படிங்க."

வேதரத்தினம் திரையைப் பார்த்துப் படித்தார். அனுப்புநர். பெறுநர். பொருள். காலி வரி. அலைக்கோடு. இந்த அடுக்கில் எக்ஸ்எம்எல் என்று லேபிள். மறுபடி காலி வரி. பிறகு தொடக்கம்: இது எக்ஸ்எம்எல், பதிப்பு ஒன்று, எழுத்து முறை இன்னது. பிறகு குப்பங்களின் பெயர்கள்.

"திரும்ப."

திரும்பப் படித்தார். ஒரு சொல் மாறவில்லை.

"இது நீங்க படிக்கறது. மெஷின் படிக்கற மாதிரி படிச்சிட்டு வாங்க."

அவ்வளவுதான் உபதேசம். அவள் தன் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டாள்.

வேதரத்தினம் தன் நாற்காலிக்குப் போனார். மெஷின் எப்படிப் படிக்கும்? அவருக்குத் தெரிந்த குரல்களை வரிசையாக எடுத்துப் பார்த்தார். முதலில் தாசில்தார் குரல். சந்தேகத்தோடு, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, எல்லா வரியிலும் ஒரு குறை இருக்கும் என்ற நம்பிக்கையோடு படித்தார். குறை அகப்படவில்லை. அடுத்து மீன் ஏலக் குரல். ஒரு வரியை மூன்று தடவை கூவினார். பக்கத்து அறையிலிருந்து யாரோ மூன்றாவது தடவைக்கு விலை கேட்டார்கள். அடுத்து ரயில்வே ஸ்டேஷன் அம்மாவின் குரல், எந்தச் சொல்லிலும் உயிர் வைக்காமல், ஒவ்வொரு சொல்லையும் வேறு வேறு நாளில் பேசி ஒட்டியது போல. மெஷினுக்கு மிக அருகில் வருவது இதுதான் என்று நினைத்தார். இதிலும் அகப்படவில்லை.

கடைசியாக மேனேஜர் தேவசகாயம் சாரின் குரல். "வேதா, சின்ன மேட்டர் வேதா, ஃபைவ் மினிட்ஸ்ல முடிச்சிடலாம் வேதா" என்று ஆரம்பித்து அதே குரலில் முழு மெயிலையும் படித்து முடித்தார்.

முடித்துவிட்டுத் திரும்பினால் தேவசகாயம் சார் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"மெயில் போச்சா வேதா?" என்று கேட்டார் சார்.

போகவில்லை என்று வேதரத்தினம் தம் சொந்தக் குரலில் சொன்னார். அது எல்லாக் குரலையும்விடச் சின்னதாக வந்தது.

பன்னிரண்டரைக்கு மறுபடி உஸ்தாத் முன்னால் போய் நின்றார். நாலு குரலில் படித்ததைச் சொன்னார்.

"மெஷின் குரல்ல படிச்சிருக்கீங்க. மெஷின் மாதிரி படிக்கல."

"ரெண்டும் வேறயா?"

அவள் சுவரில் தொங்கிய நாள்காட்டியிலிருந்து கிழிக்க மறந்துபோன முந்தின நாள் தாளைக் கிழித்தாள். மேஜையிலிருந்த பஞ்ச்சிங் மெஷினால் அதில் ஓர் ஓட்டை போட்டு நீட்டினாள்.

"அதுக்குக் கண்ணு இவ்வளவுதான்."

வேதரத்தினம் தாளை வாங்கிக்கொண்டு போனார். திரையில் எழுத்தைப் பெரிதாக்கி, ஓட்டைக்குள் ஓர் எழுத்து மட்டும் தெரிகிற மாதிரி வைத்து, தலையிலிருந்து நகர்த்த ஆரம்பித்தார். வரி வரியாகப் பார்த்தே பழகியவருக்கு எழுத்து எழுத்தாகப் போவது, ஓடத் தெரிந்தவன் தவழ்வது மாதிரி இருந்தது. கழுத்து வலித்தது. பொருள் முடியவே கால் மணி நேரம். காலி வரி வந்தபோது ஓட்டைக்குள் வெள்ளை மட்டும் தெரிந்தது. அலைக்கோடு. லேபிள். மறுபடி வெள்ளை. தாளை இன்னும் ஒரு வரி கீழே இறக்கினார்.

உ.

தாளை எடுத்துவிட்டுப் பார்த்தார். எல்லாம் எப்போதும் போல இருந்தது. தாளை வைத்துப் பார்த்தார்.

உ.

இருபது வருஷமாக எந்தத் தாளைச் சுருட்டி டைப்ரைட்டரில் விட்டாலும், முதலில் விழுவது அந்தப் பிள்ளையார் சுழிதான். அதற்கப்புறம்தான் அனுப்புநர். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது, மனு போய் எக்ஸ்எம்எல் வந்தது, கை மட்டும் அதே கை. போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். கண் அதைப் பார்க்காது, வாய் படிக்காது. மனுவைப் படித்துக் காட்டும்போது யாராவது 'உ' என்றா ஆரம்பிப்பார்கள்? எந்தக் குரலிலும் யாரும் ஆரம்பித்ததில்லை. நாலு குரல்களும் அந்த இடத்தில் ஒற்றுமையாக வாயை மூடிக்கொண்டிருந்தன.

ஓடி வந்தார்.

"உஸ்தாத், இது எழுத்தில்ல. சுழி."

"மெஷின்கிட்ட சொன்னீங்களா?"

வேதரத்தினம் திரும்பிப் போனார்.

அழித்துவிட வேண்டியதுதான். ஒரு விரல் வேலை. விரலைக் கொண்டுபோய் அழிக்கும் பட்டனின் மேல் வைத்தார். விரல் அங்கேயே உட்கார்ந்துகொண்டது, யாருடைய விரலோ போல.

காரணம் இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு மனுவை அவர் சுழி போடாமல் அடித்திருக்கிறார். போன ஐப்பசியில், தம்பியின் படகு வரவில்லை என்று சேதி வந்த அன்றைக்கு, தேடப் படகு அனுப்பச் சொல்லி அவரே அடித்த மனு. பதற்றத்தில் நேரே அனுப்புநரில் ஆரம்பித்துவிட்டார். அந்த மனு எந்த மேஜைக்குப் போனது என்று இன்று வரை யாருக்கும் தெரியாது. தேடும் படகு கிளம்பும்போது மறுநாள் மத்தியானம். கலியனை வேறு ஊர்ப் படகு தற்செயலாகப் பார்த்துத் தூக்கியது.

இது அதே கடல். அதே ஐப்பசி. அதே தம்பி.

கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினார். உ போனது. மெயிலை அனுப்பினார். மெஷின் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுச் சொன்னது: தொடக்கத்துக்கு முன்னால் ஏதோ இருக்கிறது.

வேதரத்தினத்துக்கு வியர்த்துவிட்டது. எடுத்தும் விடவில்லை என்றால் என்ன அர்த்தம்? எடுத்ததுதான் தப்பு என்று அர்த்தம். உடனே சுழியைத் திருப்பிப் போட்டு, கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

அதற்கப்புறம் அவர் செய்ததையெல்லாம் பார்க்கச் சகிக்காது. தொடக்கத்தை மேலே ஏற்றி, சுழியை இரண்டாவது வரியில், மெஷின் கண்டுகொள்ளாத ஓர் ஓரக்குறிப்பு மாதிரி வைத்துப் பார்த்தார். அங்கே வைத்தால் மெஷின் விட்டுவிடும் என்று தெரியும். ஆனால் அனுப்பவில்லை. இரண்டாவது வரியில் போட்டால் அது சுழியா, வேறு ஏதாவதா? பொருளின் தலையில் வைத்து அனுப்பினார். அந்த இடத்தில் தமிழ் எழுத்தை அப்படியே வைக்கக் கூடாது என்பதால், ஒரு சுழி மூன்று கிறுக்கலாகத் திரும்பி வந்தது. மனது கேட்காமல் அதையும் அழித்தார். அவசரத்தில் ஒரு காலி வரியைச் சேர்த்து அழித்துவிட்டார் போலிருக்கிறது. இந்தத் தடவை மெஷினின் பதில் புதிதாக இருந்தது. விலாசம் வந்திருக்கிறது, கடிதம் எங்கே என்று கேட்டது.

மணி நாலு பத்து.

"போட்டா மெஷின் விடல உஸ்தாத். எடுத்தா கை விடல."

"எடுத்தப்பவும் மெஷின் விடலையே."

"அதான் பயமா இருக்கு."

ஜெய்புன்னிசா அவருடைய திரைக்கு எழுந்து வந்தாள். பழையபடி எல்லாவற்றையும் வைக்கச் சொன்னாள். சுழியை மட்டும் எடுக்கச் சொல்லாமல், சுழி நிற்கும் வரிக்கு மேலே இருந்த காலி வரியைத் தொட்டுக் காட்டினாள்.

"இது யாரோடது?"

லேபிளும் விஷயமும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க விடும் இடம் என்றார் அவர். மனுவில் பொருளுக்குக் கீழே விடுவது மாதிரி.

"சுழியை எடுத்தப்ப அது நின்ன வரியையும் எடுத்தீங்களா?"

எடுக்கவில்லை. சுழி போன பிறகும் அதன் வரி வெறுமையாக அங்கேயே இருந்திருக்கிறது. மனிதக் கண்ணுக்கு அது ஒன்றுமில்லை. மெஷினின் ஓட்டைக் கண்ணுக்கு, ஒன்றுமில்லாததும் தொடக்கத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒன்றுதான். ஒரு காலி வரி குறைந்தால் கடிதமே விலாசமாகிவிடுகிறது. ஒன்று கூடினால் தொடக்கம் தொடக்கமாக இல்லாமல் போகிறது.

வேதரத்தினம் நீளமாக மூச்சு விட்டார். அப்படியானால் சாமிக்குக் கோபமில்லை.

"அப்ப ரெண்டையும் எடுத்தா போயிடும்?"

"போயிடும்."

அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே ஐஸ் உடைக்கும் இயந்திரம் ஓடியது. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. அந்தச் சுழியில்லாத மனுவைப் பற்றி, திரையைப் பார்த்தபடியே சொன்னார். எந்தக் குரலையும் எடுத்துக்கொள்ளாமல் சொன்னார்.

"எனக்குத் தெரியும் உஸ்தாத், சுழியால ஒண்ணும் இல்ல. கைக்குத் தெரியல."

தேவசகாயம் சார் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. நாலு முப்பத்தைந்து என்றார். உன்னால் முடியாவிட்டால் நான் அழுத்திவிடுகிறேன், ஒரு பட்டன்தானே என்று விரலை நீட்டிக்கொண்டு வந்தார்.

ஜெய்புன்னிசா அவர் விரலுக்கும் கீபோர்டுக்கும் நடுவே ஓட்டைத் தாளை வைத்தாள்.

"அது அவரு கடிதாசி சார்."

சார் விரலை மடக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றார்.

அவள் தாளைத் திரையின் மேல் வைத்தாள். எக்ஸ்எம்எல்லின் மேல் அல்ல. அதற்கும் மேலே, லேபிளுக்கும் மேலே, முதல் அலைக்கோட்டுக்கும் மேலே, பொருளெல்லாம் முடிந்து ஒரு வரி காலியாக விட்டிருந்த இடத்தில் வைத்தாள். ஓட்டைக்குள் வெள்ளை தெரிந்தது.

"இங்க."

"இங்க என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. மெஷின் முதல் அலையைத் தேடிக்கிட்டு வரும். அலை வர்ற வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் வரும். நடுவுல எது இருந்தாலும் கணக்குல சேராது. அதுக்குன்னே சட்டத்துல விட்டு வச்ச இடம்."

"தொடக்கத்துக்கு முன்னால," என்றார் வேதரத்தினம். 

காலி வரிக்குக் கீழே, அலைக்கு மேலே, சுழியைப் போட்டார். இந்தத் தடவை கை போடுவதைக் கண்ணும் பார்த்தது. பிறகு கீழே இறங்கி, பழைய சுழியையும் அது நின்ற வரியையும் எடுத்தார். விரல் ஒரு பேச்சும் பேசாமல் சொன்னதைச் செய்தது.

அனுப்பினார்.

நாலு நாற்பத்தேழு.

மெஷின் யோசித்தது. கீழே ஐஸ் இயந்திரம் நின்றது. அந்த மாடி அத்தனை அமைதியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. தேவசகாயம் சார் ஜன்னலில் கடலைப் பார்ப்பது போல நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதில் ஒரே வார்த்தையில் வந்தது. ஏற்கப்பட்டது.

காலையிலிருந்து கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருந்த தாசில்தார், திடீரென்று உட்காரச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டது மாதிரி இருந்தது. வேதரத்தினம் உட்கார்ந்துதான் இருந்தார். ஆனாலும் இன்னொரு தடவை உட்கார்ந்தார்.

நாலு ஐம்பத்தொன்றுக்கு அவருடைய ஃபோன் அடித்தது. கலியன். எடுத்ததும் அண்ணனென்று கூடப் பார்க்காமல் திட்ட ஆரம்பித்தான். வலை பின்னிக்கொண்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தானாம். தலைக்கு மேலே கம்பத்திலிருந்து அண்ணனின் குரல் இடி மாதிரி, "கலியா குப்பத்தாரே, இது சோதனை" என்று இறங்கியதில் ஊசியைக் கையில் குத்திக்கொண்டுவிட்டானாம். ஊரிலுள்ள நாயெல்லாம் கம்பத்தடியில் கூடி நின்று பதில் சொல்லிக்கொண்டிருக்கிறதாம். குப்பத்தாரே என்று சொல்லத் தெரிந்தவனுக்கு அதற்கு முன்னால் கலியாவை ஏன் சொல்லத் தோன்றியது, ஊரே சிரிக்கிறது என்றான்.

வேதரத்தினம் அது ரிக்கார்டு பண்ணும்போது வாயில் வந்துவிட்டது என்றார்.

அந்தப் பக்கம் கலியன் ஒரு நாயை அதட்டி விரட்டினான்.

"சரி விடு," என்றான் கலியன். "சொல்லிட்ட இல்ல."

ஃபோனை வைத்துவிட்டு வேதரத்தினம் முகத்தைத் துடைத்தார். பிறகு சிரித்தார். பிறகு மறுபடி துடைத்தார். தேவசகாயம் சார் எல்லோருக்கும் டீ சொன்னார். சொல்லும்போது, "சின்ன மேட்டர்தான் வேதா, அப்பவே சொன்னேன்" என்றார். வேதரத்தினம் அதை அப்படியே அவர் குரலில் திருப்பிச் சொன்னார். இந்தத் தடவை சாரே சிரித்துவிட்டார்.

டீ வருவதற்குள் வேதரத்தினம் நாற்காலியை உஸ்தாத் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். மூன்று வருஷமாக அவளிடம் பாடம் கேட்கிறார். லேபிள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், எல்லைக்கோடு சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அந்த இடத்தைப் பற்றி ஒரு நாளும் சொன்னதில்லை.

"அந்த எடம் உங்களுக்கு எப்படி உஸ்தாத் தெரியும்?"

 அவள் தன் கம்ப்யூட்டரில் ஒரு பழைய ஃபைலைத் திறந்தாள். ஆறு வருஷமாக அவள் புரோகிராம் தினமும் விடிகாலையில் அனுப்புகிற மெயில், அலை உயரம், காற்றின் திசை எல்லாம் இருப்பது. ஓட்டைத் தாளை அவர் கையில் கொடுத்தாள்.

இப்போது அவருக்கு எங்கே வைப்பது என்று தெரியும். நேரே முதல் எல்லைக்கோட்டுக்கு மேலே கொண்டுபோய் வைத்தார்.

7.

நகர்த்தினார். 8. நகர்த்தினார். 6.

நாகூரில் கடைப் பலகையிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரைக்கும் தலைமாட்டில், பிஸ்மில்லாவுக்குப் பதிலாக நிற்கிற எண். தாளை எடுத்துவிட்டுப் பார்த்தார். கோட்டுக்கு மேலே தன்னந்தனியாக, யாரையும் தொந்தரவு செய்யாமல் நின்றுகொண்டிருந்தது.

"ஆறு வருஷமா தினம் போகுதா?"

"ம்."

"இதை இது வரைக்கும் யாராவது படிச்சிருக்காங்களா?"

ஜெய்புன்னிசா காலையில் ஓரம் வைத்த இறாலைத் தாளோடு பக்கத்தில் இழுத்தாள். காய்ந்து போயிருந்தது. எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

"படிக்கவா அண்ணே போடுறோம்?"